20 ஆயிரத்துக்கு ரைடிங் கியர், ஆக்சஸரி: டெல்டா ரோட்டுக்கு எது முதல்ல, எது அப்புறம்?

மன்னை155 எழுதியது:

வண்டி 155 சிசி, லிக்விட் கூல், டியூப்லெஸ் டயர், எல்இடி ஹெட்லைட். தினசரி ஓட்டம் மன்னார்குடி–தஞ்சாவூர். வாரக் கடைசியில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம். இருட்டின பிறகும் ஓட்ட வேண்டியிருக்கும். கையில் 20,000 ரூபாய் இருக்கு. ஹெல்மெட், ஜாக்கெட், ஃபாக் லைட், கிராஷ் கார்டு, மொபைல் ஹோல்டர், டேங்க் பேக், எக்ஸ்ட்ரா ஹார்ன்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது. இதுல எது கொடுத்த காசுக்குத் தகும்? மே மாச வெயிலையும் ஐப்பசி மழையையும் மனசுல வெச்சு சொல்லுங்கண்ணே.

குடந்தை கிளட்ச் எழுதியது:

தம்பி, லிஸ்ட்டை ரெண்டாப் பிரிங்க. உங்க உடம்புல ஏறுறது ஒண்ணு, வண்டியில ஏறுறது ஒண்ணு. முதல் 20,000 முழுக்க உடம்புக்கே போகட்டும். வண்டிக்கு மாட்டுற எதுவும் நீங்க ரோட்டுல விழுந்து வழுக்கிப் போறப்ப உதவாது.

ஹெல்மெட்டில் ஆரம்பிக்கிறேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் விலையை மட்டும் பார்த்து ஏமாறுறாங்க. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவுல விற்கவே கூடாது. தரம் ஐஎஸ் 4151. முத்திரை ஸ்டிக்கர் இருந்தா மட்டும் போதாது. அதுல சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம்னு காட்டும். பெயர் ஒத்துப் போகலைன்னா ஹெல்மெட்டைக் கடையிலேயே வெச்சுட்டு வந்துடுங்க. ஐரோப்பியத் தரமான இசிஇ 22.06 சேர்த்து இருந்தா நல்லது. பழைய 22.05-ஐ விட இதுல கூடுதல் இடங்கள்ல, வெவ்வேறு வேகத்துல மோதவெச்சுப் பார்க்கிறாங்க, தலை திருகும் மோதலையும் சோதிக்கிறாங்க.

விலையை விட அளவு முக்கியம். புருவத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர் மேல டேப்பை வெச்சு தலையைச் சுத்தி அளங்க. 57, 58 வந்தா பெரும்பாலான கம்பெனியில் மீடியம், ஆனா கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சார்ட் பாருங்க. போட்டதும் கன்னம் ரெண்டும் கொஞ்சம் உள்ளே அமுங்கணும். ஹெல்மெட்டைப் பிடிச்சு இடம் வலம் ஆட்டினா நெற்றித் தோலும் சேர்ந்து நகரணும், ஹெல்மெட் மட்டும் சுத்தக் கூடாது. பட்டையை மாட்டிட்டு, பின்னந்தலைப் பக்கம் அடி விளிம்பைப் பிடிச்சு மேல் நோக்கி முன்னால தள்ளச் சொல்லுங்க. கழன்று வந்தா அது உங்களுக்கு இல்லை. அப்படியே பத்துப் பதினைஞ்சு நிமிஷம் போட்டபடி கடையில நில்லுங்க. நெற்றியில ஒரே இடத்துல வலி எடுத்தா தலை வடிவத்துக்கும் அந்த மாடலுக்கும் பொருந்தலை. பெரிய சைஸுக்குப் போகாம வேற மாடல் பாருங்க. கன்னத்துப் பஞ்சு நாளடைவில் இளகும், ஓட்டுக்குள்ள இருக்கிற தெர்மோகோல் இளகாது.

3,500-லிருந்து 5,000-க்குள்ள ஐஎஸ்ஐ, இசிஇ ரெண்டு தரமும் உள்ள, முகம் முழுக்க மூடுற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் கிடைக்குது. அதுக்கு மேல கொடுக்கிற காசு எடை குறைவு, காற்றுச் சத்தம் குறைவு, உள்துணி தரம் இதுக்குத்தான். அதுவும் தேவைதான், ஆனா உங்க பட்ஜெட்டுல ஜாக்கெட்டைத் தியாகம் பண்ணி வேண்டாம்.

பேரளம் ஸ்பேனர் எழுதியது:

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஹெல்மெட் வாங்கும்போதே அதே மாடலுக்கு ஸ்பேர் வைசர் (முகத்துக்கு முன்னால வர்ற கண்ணாடி) கிடைக்குதான்னு கேட்டு, ஒரு கிளியர் வைசரும் சேர்த்து வாங்குங்க. 400, 500 ரூபாய்தான் ஆகும். நம்ம பக்கம் மழைக்காலத்துல சாயங்காலம் வயக்காட்டு ஓரமா போனா பூச்சி வைசர் முழுக்க அடிக்கும். அதைக் கைக்குட்டையால வறண்டபடியே துடைக்கிறதுதான் வைசரைக் கெடுக்குது. பூச்சி ஓட்டும் மண்ணும் சேர்ந்து கீறும், அந்தக் கீறல்ல எதிர்ல வர்ற லைட் சிதறி ராத்திரி ஒண்ணும் தெரியாது. ஈரத்துணியை வைசர் மேல அஞ்சு நிமிஷம் போட்டு ஊற வைங்க. அப்புறம் தண்ணி ஊத்தி, விரலால வழிச்சு விடுங்க. பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது, பாலிகார்பனேட் வெடிச்சுப் போகும். கறுப்பு வைசரை ஆறு மணிக்கு மேல போட்டுக்கிட்டு ஓட்டவே ஓட்டாதீங்க.

மார்கழிப் பனியில வைசர் உள்பக்கம் மூச்சுப் படிஞ்சு மங்கும். பின்லாக், அதாவது மங்காம இருக்க உள்பக்கம் மாட்டுற ஷீட், போடுற வசதி இருக்கிற வைசர்னா அந்த ஷீட் வாங்கிப் போடுங்க. ஷீட்டைச் சுத்தி இருக்கிற சிலிக்கான் விளிம்பு முழுக்க வைசரைத் தொடணும். ஒரு இடத்துல இடைவெளி விட்டா அந்த வழியா ஈரம் போய் ரெண்டு அடுக்குக்கு நடுவுல நிற்கும். வைசர்ல இருக்கிற சின்ன முளையைத் திருப்பினா இறுக்கம் கூடும்.

கண்ணாடிக் கம்பியில ஹெல்மெட்டை மாட்டி வைக்கிறதையும் விட்டுடுங்க. கம்பி முனை உள் தெர்மோகோலை அமுக்கிக் குழி விழும்.

ஒரத்தநாடு 49 எழுதியது:

ஜாக்கெட் விஷயத்துல நான் மாறுபடுறேன். சித்திரை, வைகாசியில பட்டுக்கோட்டை ரோட்டுல பகல் ஒரு மணிக்கு ஜாக்கெட் யாரும் போட மாட்டாங்க. 6,000, 7,000 கொடுத்து வாங்கி ஆணியில தொங்கும். அந்தக் காசை லைட்டுக்குப் போட்டா தினமும் பயன். ஆற்றங்கரை ரோட்டுல மாடு படுத்திருக்கிறது, மதகுப் பாலத்து மேடு, விளக்கே இல்லாம நிற்கிற டிராக்டர் டிரெய்லர், எல்லாம் வெளிச்சம் இருந்தாதான் தெரியும்.

குடந்தை கிளட்ச் எழுதியது:

வெயில் பற்றிச் சொன்னது நியாயம். அதனாலதான் எந்த ஜாக்கெட்னு பார்த்து வாங்கணும். உள்ளே தெர்மல் லைனர், ரெயின் லைனர்னு மூணு அடுக்கு வெச்ச டூரிங் ஜாக்கெட் மலைப் பயணத்துக்கு. நமக்கு வேண்டியது மெஷ் ஜாக்கெட். நெஞ்சு, முதுகு, கையின் உள்பக்கம் வலைத்துணி. தோள், முழங்கை வெளிப்பக்கம் மட்டும் 600டி (டெனியர், நூலோட தடிமன் அளவு) அல்லது அதுக்கு மேல கெட்டித் துணி. வண்டி நகர்ந்துக்கிட்டு இருக்கிற வரை காற்று உள்ளே புகுந்து வேர்வையை உலர்த்தும். உள்ளே பருத்தி சட்டை போட்டா நனைஞ்சு ஒட்டும், விளையாட்டு வீரர்கள் போடுற முழுக்கை பாலியஸ்டர் பனியன் போட்டுக்குங்க. சிக்னல்ல, ரயில்வே கேட்டுல நிற்கும்போது புழுங்கத்தான் செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆர்மர், அதாவது அடியைத் தாங்க உள்ளே வைக்கிற கெட்டித் துண்டு. தோள், முழங்கை ஆர்மர் மேல இஎன் 1621-1ங்கிற ஐரோப்பியத் தர எண் அச்சு இருக்கணும். ஒரே வேகத்துல அடிச்சா உள்ளே எவ்வளவு விசை கடக்குதுங்கிறது அளவுகோல்: லெவல் 1-க்கு சராசரி 35 கிலோநியூட்டன் வரை அனுமதி, லெவல் 2-க்கு 20 வரைதான். முதுகுக்கு இஎன் 1621-2, லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. விலை குறைஞ்ச ஜாக்கெட்ல முதுகுப் பையில் வெறும் ஸ்பாஞ்ச் துண்டு இருக்கும், கையில அமுக்கினாலே தெரிஞ்சுடும். அதை எடுத்துட்டு பின்னால 1,500, 2,000-க்கு நல்ல பேக் ஆர்மர் போட்டுக்கலாம், பை அளவு மட்டும் குறிச்சுக்குங்க. முழு ஜாக்கெட்டுக்கான தரம் இஎன் 17092. அதுல மெஷ் வகை பெரும்பாலும் 'ஏ' வகுப்பு, ஊர் வேகத்துக்கு ஏற்றது. 'ஏஏ' கிடைச்சா எடுங்க.

கடையில நேரா நின்னு கண்ணாடி பார்க்காதீங்க. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி கையை மடக்கி முன்னால நீட்டுங்க. முழங்கை ஆர்மர் எலும்பு மேலயே உட்கார்ந்திருக்கணும், பக்கத்துல ஒருத்தரைப் பிடிச்சுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. திரும்பினா விழும்போதும் திரும்பும். கைப் பட்டைகளை இறுக்கியும் நிற்கலைன்னா ஒரு சைஸ் கீழே போங்க. தொளதொளன்னு இருக்கிற ஜாக்கெட்ல லெவல் 2 ஆர்மர் இருந்தும் பயனில்லை.

உங்க ஓட்டம் ஊருக்குள்ள மட்டும்னா ஒரத்தநாடு அண்ணன் சொல்றதை ஒத்துக்குவேன். அப்போ சட்டைக்குள்ள போடுற ஆர்மர் ஷர்ட் போதும். மன்னை–தஞ்சை அப்படி இல்லை, நீளமான வெட்ட வெளி.

ஒரத்தநாடு 49 எழுதியது:

மெஷ்னா சரி, ஒத்துக்கிறேன். கூடவே அறுவடைக் காலத்தையும் கணக்குல எடுத்துக்குங்க. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி. சம்பா அறுப்பு தை, மாசி. அப்போ ரோட்டோரம் நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. காய்ந்த நெல் டயருக்கு அடியில பால்ரஸ் மாதிரி உருளும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம தடுக்கிறது) இருந்தாலும் பிடிக்கிறதுக்குத் தரை கிடைக்காது. அதுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சு, நெல்லு மேல பிரேக்கும் போடாம ஹேண்டிலும் திருப்பாம நேரா கடக்கணும். அறுவடை மெஷின் வயல்லேர்ந்து ஏறுற இடத்துல களிமண் ரோட்டுல கட்டி கட்டியா கிடக்கும், மேல தூறல் விழுந்தா வழுக்கும். இந்த மாதிரி விழுகையில முதல்ல தரையில ஊணுறது உள்ளங்கை. அதனால க்ளவுஸை ஜாக்கெட்டுக்கு முன்னால வாங்குங்கன்னு சொல்வேன்.

குடந்தை கிளட்ச் எழுதியது:

க்ளவுஸ் பற்றிச் சரியாச் சொன்னீங்க. விரல் முட்டியில கெட்டி பிளாஸ்டிக் இருக்கிறதை மட்டும் பார்த்து வாங்குறாங்க. உள்ளங்கையின் அடிப்பகுதியில, மணிக்கட்டுக்கு மேல, வழுக்கிற மாதிரி ஒரு கெட்டித் துண்டு இருக்கணும். கை ஊணும்போது தோல் தரையைப் பிடிச்சுக்கிட்டா விசை முழுக்க மணிக்கட்டு எலும்புக்குப் போகும், அந்தத் துண்டு வழுக்கி விட்டுடும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினதும் விரலைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, கழலக் கூடாது. தரம் இஎன் 13594. 1,500-லிருந்து 2,000-க்குள்ள கிடைக்கும்.

ஷூவுக்குத் தனியா ரைடிங் பூட் இப்போ வேண்டாம். கணுக்கால் எலும்பை மூடுற, லேஸ் உள்ளே செருகக்கூடிய தடித்த தோல் ஷூ 2,000-க்குள்ள போதும். செருப்போட கியர் வண்டி ஓட்டுறதை மட்டும் நிறுத்துங்க.

முழங்காலுக்கு, பேன்ட்டுக்கு மேல மாட்டுற கார்டுல ரெண்டு பட்டை மட்டும் இருந்தா கீழே இறங்கிடும். முட்டிக்கு மேல ஒண்ணு, கீழே ரெண்டு பட்டை, நடுவில் கீல் வெச்சது பாருங்க.

வேதை உப்புக்காற்று எழுதியது:

மழை கோட்டு பற்றி யாரும் சொல்லலை. ஜாக்கெட்டுக்கு உள்ளே போடுற ரெயின் லைனரை நம்பாதீங்க. உடம்பு நனையாது, ஆனா வெளி ஜாக்கெட் முழுக்கத் தண்ணி குடிச்சுக் கனக்கும், மறுநாள் காலையிலும் காயாது. ஐப்பசி, கார்த்திகையில நாள் கணக்கா விடாம பெய்யும்போது வெளியே போடுற கோட்டு–பேன்ட் செட்தான் சரி. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து எல்லாத் தையல் மேலயும் டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க, குறிப்பா தொடை நடுவில். தண்ணி முதல்ல அங்கதான் இறங்கும், உட்கார்ந்த இடத்துல தேங்குற தண்ணி தையல் வழியா ஏறும். ஜிப்புக்கு மேல ரெண்டு மடிப்பு இருக்கணும். ஷூவோட மாட்டுற மாதிரி பேன்ட் பக்கவாட்டில் ஜிப் இருக்கணும். நிறம் பளிச்சுனு மஞ்சள் அல்லது ஆரஞ்சு. முழுக்கப் போர்த்துற மாதிரியான பொன்சோ வேண்டவே வேண்டாம், காற்றுல பறந்து பின் சக்கரத்துலயோ செயின்லயோ சிக்கும்.

நாகை, வேளாங்கண்ணி, கோடியக்கரைன்னு கிழக்குக் கடற்கரைச் சாலையில ஓடுற வண்டிக்கு உப்புதான் முதல் எதிரி. குரோம் பூசின கார்டு உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும். பைப் முனையில ரப்பர் மூடி இருக்கணும், அடிப்பக்கம் தண்ணி வடிய ஒரு துளை இருக்கணும். பவுடர் கோட்டிங்கா இருந்தாலும் வெல்டிங் இடத்துல பெயிண்ட் மெலிசா இருந்தா அங்கேயே துரு தொடங்கும். ஸ்டீல் போல்ட்டை அலுமினியத்துல நேரா முறுக்காதீங்க, உப்பு ஈரத்துல அலுமினியம் அரிச்சு மரையோட பிடிச்சுக்கும். மரையில கொஞ்சம் ஆன்ட்டி-சீஸ் (மரை பிடிச்சுக்காம இருக்கத் தடவுற பேஸ்ட்) தடவுங்க. கடல் பக்கம் போய் வந்த அன்னைக்கே சாதாரணத் தண்ணியில கழுவுங்க. ஜாக்கெட்டுல பிளாஸ்டிக் ஜிப் இருக்கிறதா எடுங்க, உலோக ஜிப்னா மெழுகுவர்த்தியை மேலயும் கீழயும் தேய்ச்சு விடுங்க.

மன்னை155 எழுதியது:

நிறைய தெளிவாச்சு. லைட், கிராஷ் கார்டு, மட்கார்டு நீட்டிப்பு பற்றி ஸ்பேனர் அண்ணன் சொல்லுங்க. கடையில ஹெட்லைட் ஒயரை வெட்டி ஃபாக் லைட்டைச் சேர்த்துடலாம்னு சொல்றாங்க.

பேரளம் ஸ்பேனர் எழுதியது:

வெட்டவே விடாதீங்க. இன்ஜெக்‌ஷன் வண்டியில ஒரிஜினல் ஒயரிங்கை வெட்டினா வாரண்டி போகும், பின்னால எங்க ஷார்ட் ஆச்சுன்னு தேடுறதுக்குள்ள பேட்டரி போயிடும். ஒழுங்கான முறை இதுதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்னக் கரன்ட்டால பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுற ஸ்விட்ச்) 30-ஆம் பின். 87-ஆம் பின்னிலிருந்து லைட் பாசிட்டிவ். லைட் நெகட்டிவை பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு போங்க, பெயிண்ட் அடிச்ச சேஸிஸ்ல எர்த் எடுக்காதீங்க. சாவி போட்டா மட்டும் மின்சாரம் வர்ற ஒரு ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியா 86-க்கு. 85 எர்த். அப்போ ஸ்விட்ச்சுல ஓடுற கரன்ட் ரொம்பக் குறைவு, பாரம் முழுக்க ரிலே தாங்கும். சாவியை எடுத்தா லைட்டும் அணையும், மறந்து விட்டு பேட்டரி இறங்காது.

கணக்கு: ரெண்டு 20 வாட் லைட்னா 40 வாட், 13.5 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டா, ஃபியூஸ் போறதுக்கு முன்னாலயே ஒயர் சூடாகி உருகலாம். பெட்டியில 100 வாட், 200 வாட்னு அச்சடிச்ச லைட்டை நம்ப வேண்டாம், ஆம்பியர் மீட்டர் வெச்சுப் பார்த்தா உண்மை தெரியும். எல்லாம் மாட்டினதும் எல்லா லைட்டையும் போட்டு, ஐட்லிங்ல பேட்டரி முனையில மல்டிமீட்டர் வைங்க. 13-க்கு மேல நிற்கணும். 12.6, 12.5னு இறங்கிக்கிட்டே போனா சார்ஜிங் தாங்கலைன்னு அர்த்தம், சின்ன லைட்டுக்கு மாறுங்க.

மழையிலயும் பனியிலயும் மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு எதிரா சிதறுறது குறைவாத் தெரியும், நனைஞ்ச தார்ல பள்ளமும் தெரியும். அகலமா பரவுற கண்ணாடி போட்டது எடுங்க, நீளமாக் குத்துறது வேண்டாம். ஆற்றங்கரை ரோட்டுல உங்களுக்குத் தேவை ஓரத்து வெளிச்சம். கிடைமட்டத்துக்குக் கீழே சாய்ச்சுக் கட்டுங்க. எதிர்ல வண்டி வந்தா அணைங்க, கரை ரோட்டுல எதிராளிக்குக் கண்ணு கூசினா அவர் இறங்க இடம் கிடையாது.

கிராஷ் கார்டு: நிற்கும்போது, சேத்துல மெதுவாச் சாயும்போது லீவர், ரேடியேட்டர், கியர் கவர் காப்பாத்தும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஒரு பக்கத்துக்கு ரெண்டு இடத்துல போல்ட் ஏறணும், முன்னால ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குக் கம்பி இருக்கணும். ஒரே இன்ஜின் போல்ட்டுல தொங்குற கார்டு இடிச்சா, அடி நேரா இன்ஜின் காதுக்கு (இன்ஜினை ஃபிரேமோட போல்ட் போடுற இடம்) போகும். கார்டு போனா சில நூறு, காது உடைஞ்சா இன்ஜின் கூடான கிராங்க் கேஸையே மாத்தணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்து, எங்கயும் இடிக்காம இருக்கணும். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) பாருங்க.

மட்கார்டு நீட்டிப்பு முன்பக்கம் கீழ்ப் பக்கமா போடுறது நல்லது, சேறு ரேடியேட்டர் மேல அடிக்கிறது குறையும். ஆனா டயரை ஒட்டிப் பதிஞ்ச மாதிரி வர்ற பின் ஹக்கர் நம்ம வண்டல் களிமண்ணுக்கு ஆகாது. மண்ணு இடுக்குல ஏறி இறுகி சக்கரத்தையே நிறுத்தும். கை விரல் நுழையுற இடைவெளியாவது வேணும்.

ரேடியேட்டர் கார்டு கல்லுக்குப் பரவாயில்லை. ரொம்பச் சின்னக் கண்ணி வலையா இருந்தா அறுவடை நேரத்துல பதர், வைக்கோல் தூசி அடைச்சுக்கிட்டு ஃபேன் ஓயாம ஓடும். கழட்டி, பின்பக்கமிருந்து முன்னால சாதாரணக் குழாய்த் தண்ணி விடுங்க. பிரஷர் வாட்டர் அடிச்சா மெல்லிய தகடு மடிஞ்சு போகும். அதே சீசன்ல ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்க. எண்ணெய் தடவின விஸ்கஸ் பேப்பர் ஃபில்டரை ஏர் அடிச்சுச் சுத்தம் பண்ண முடியாது, மாத்தத்தான் வேணும்.

தேர்வீதி திருவாரூர் எழுதியது:

பின்னால யாரும் உட்காருவாங்களான்னு தம்பி சொல்லலை. உட்காருவாங்கன்னா அவங்களுக்கும் ஐஎஸ்ஐ ஹெல்மெட் கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 194டி-படி 1,000 ரூபாய் அபராதம். அரை ஹெல்மெட்டை பின்னால இருப்பவருக்குக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுடுங்க, விழுந்தா அவங்க முகமும் அதே தரையிலதான் படும். நாலு வயசுக்குள்ள குழந்தையை ஏற்றினா, 2022 பிப்ரவரியில் அறிவிச்சு ஓராண்டு கழிச்சு அமலான விதிப்படி பெரியவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட் வேணும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது.

அழகுக்காக சேலை கார்டைக் கழற்றுறதும் கூடாது. மோட்டார் வாகன விதி 123 பின் சக்கரத்துல பாதியாவது மறையணும்னு சொல்லுது. சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி எல்லாம் ஸ்போக்குக்கும் செயினுக்கும் நடுவில் போறது அந்த இடத்துலதான். சேடில் பேக் ஸ்டே (பக்கவாட்டுப் பையைத் தாங்குற கம்பி) வாங்கும்போது சேலை கார்டோட சேர்ந்து பொருந்துறதா பாருங்க.

எக்ஸ்ட்ரா ஹார்ன் பற்றி: பல ராகத்துல ஒலிக்கிறதுக்கு அனுமதி இல்லை.

மன்னை155 எழுதியது:

மொபைல் ஹோல்டர்? பஞ்சர் கிட்?

பேரளம் ஸ்பேனர் எழுதியது:

போன் கேமரா நடுங்காம இருக்க உள்ளே சின்ன லென்ஸ் மிதக்கிற மாதிரி வெச்சிருப்பாங்க. மோட்டார் சைக்கிள் அதிர்வு அதைக் கெடுக்கலாம்னு ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிச்சிருக்கு. வாங்கினா அதிர்வு தடுக்கிற ரப்பர் டேம்பர் சேர்த்து வாங்குங்க. உங்க தினசரி ரோடு உங்களுக்குத் தெரியும், வழி பார்க்கத் தேவையில்லை, தள்ளிப் போடுங்க.

பஞ்சர் கிட் கட்டாயம். வாய்க்கால் கரையெல்லாம் சீமைக்கருவேல முள். முள்ளை ஏறின சாய்விலேயே பிளையர்ல இழுங்க. ரீமரை (ஓட்டையை ராவுற சொரசொரப்பான ஊசி) அதே கோணத்துல விட்டு பத்துப் பதினைஞ்சு தடவை மேலும் கீழும் ஓட்டி ஓட்டையைச் சீராக்குங்க. ஓட்டையை அடைக்கிற நூல் பட்டையில ரப்பர் சொல்யூஷன் தடவி ஊசியில நடுவுல கோர்த்து, மூணுல ரெண்டு பங்கு உள்ளே போற வரை குத்தி, சட்டுனு இழுங்க. வெளியே நிற்கிறதை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க. காற்று அடிச்சு எச்சில் தடவிப் பாருங்க, குமிழி வரக் கூடாது. டயர் பக்கச் சுவர்ல ஓட்டைன்னா இது ஆகாது, டயரையே மாத்தணும். காற்றுக்கு சின்ன ஃபுட் பம்ப் போதும். 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கினா யுஎஸ்பி சாக்கெட்ல செருகாதீங்க, அது பத்து ஆம்பியர் வரை இழுக்கும், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோட ஒயர் வேணும்.

குடந்தை கிளட்ச் எழுதியது:

அப்போ கணக்கு இப்படி வருது தம்பி. ஹெல்மெட் 4,500, ஸ்பேர் வைசர் 500, க்ளவுஸ் 1,800, மெஷ் ஜாக்கெட் 6,500, மழை செட் 1,800, முழங்கால் கார்டு 1,800, ஷூ 2,000, பஞ்சர் கிட்டும் ஃபுட் பம்பும் 1,000. மொத்தம் 19,900. பின்னால ஆள் உட்காருவாங்கன்னா முழங்கால் கார்டைத் தள்ளிப் போட்டு அந்தக் காசுல ஐஎஸ்ஐ மட்டும் உள்ள ரெண்டாவது ஃபுல் ஃபேஸ் வாங்குங்க. லைட் அடுத்த கட்டம், கிராஷ் கார்டு அதுக்கும் அப்புறம்.

மன்னை155 எழுதியது:

பின்னால அம்மா உட்காருவாங்க, அப்போ முழங்கால் கார்டு தள்ளிப் போகுது. அம்மாவுக்கு ஃபுல் ஃபேஸ்னா கொண்டை இடிக்குமே, அதுக்கு என்ன பண்றது?

தேர்வீதி திருவாரூர் எழுதியது:

கொண்டையை அவிழ்த்து கழுத்துக்குக் கீழே தாழ்வா முடியச் சொல்லுங்க, இல்லைன்னா பின்னலாப் போட்டுக்கட்டும். கொண்டைக்காகப் பெரிய சைஸ் வாங்கிடாதீங்க, தலை உள்ளே ஆடும். அளவு எடுக்கும்போது பின்னலோட எடுங்க. கடைக்கு அம்மாவையே கூட்டிட்டுப் போங்க, மூக்குத்தி, கம்மலோட போட்டுப் பார்க்கட்டும். கன்னத்துப் பஞ்சு கழற்றி மாட்டுற மாதிரி இருக்கிற மாடல்ல மெலிசான பஞ்சு தனியாக் கிடைக்கும், காது அமுங்கினா அதை மாத்திக்கலாம்.